நடந்த வழியை நினைவில் வைப்பது எப்படி

சபையின் ஆண்டு விழாவுக்கு வரலாறு எழுதும் வேலை ஒருமுறை என் தலையில் விழுந்தது. கட்டடம் எழும்பிய வருஷம், ஊழியர்களின் பெயர்கள், கூரை மாற்றிய செலவு என்று எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த மூத்த அம்மா ஒருவர், "எல்லாம் இருக்கு தம்பி, கர்த்தர் எங்க?" என்று கேட்டுவிட்டார்.

பிறகுதான் பைபிளில் எண்ணாகமம் 33-ஐ நிதானமாக வாசித்தேன். பலரும் வேகமாகப் புரட்டிவிடும் அதிகாரம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர் நடந்த வழி அது: எகிப்தின் ராமசேசிலிருந்து யோர்தான் நதிக்கரை வரை, புறப்பட்டார்கள், பாளயமிறங்கினார்கள் என்று 42 இடங்கள். உங்கள் சபையின் வரலாற்றை எழுத, நீங்களும் அப்படி ஒரு பட்டியலில் தொடங்குங்கள். ஒரு நோட்டு, ஓர் இடத்துக்கு ஒரு வரி, போதும். ஏலிமில் 12 நீரூற்று, 70 பேரீச்சமரம் என்று எழுதிய அதே கைதான் ரெவிதீமில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்றும் எழுதியது. இறைச்சிக்கு ஏங்கிச் செத்தவர்களைப் புதைத்த கிப்ரோத் அத்தாவாவையும் அது விடவில்லை. ஆகவே சபை இரண்டாய்ப் பிரிந்த வருஷமும் உங்கள் நோட்டில் வரட்டும். சண்டை போட்டவர்களின் பெயர் மட்டும் வேண்டாம்.

அடுத்து, பெரியவர்களிடம் கேட்பது. "கர்த்தர் எப்படி நடத்தினார்?" என்று ஆரம்பிக்காதீர்கள், சாட்சிக் கூட்டத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள்தான் வரும். "அன்னைக்கு எங்க உட்கார்ந்திருந்தீங்க? யார் முதல்ல ஜெபிச்சாங்க?" என்று கேளுங்கள். மீதி தானாக வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களுக்கும் ஞாபகசக்தி நன்றாகவே இருந்தது. எண்ணாகமம் 11-ல் எகிப்தின் மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு எல்லாம் வரிசையாக வருகின்றன. அங்கே அடிமைகளாய்ச் செங்கல் சுமந்தது மட்டும் காணோம். "அந்தக் காலத்துல சபை எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு அந்த வெள்ளரிக்காய்தான் கண்முன் வரும். அப்போது இல்லாதது என்ன என்றும் கேட்டு, பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எழுதியதை வருஷத்துக்கு ஒருமுறையாவது சத்தமாக வாசியுங்கள், "நாங்கள்" என்றே. உபாகமம் 26-ல் முதற்பலன் கூடையோடு, அதாவது முதல் விளைச்சலைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு வருகிறவன், "என் தகப்பன் எகிப்துக்குப் போனான்" என்று தொடங்கி, இரண்டு வரி தாண்டுவதற்குள் "எங்களை ஒடுக்கினார்கள்" என்கிறான். எகிப்தைப் பார்த்தே இராதவன்கூட அப்படித்தான் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் இதை வாசிப்பது வாலிபர்கள். முதல் வருஷம் "அவர்கள்" என்றே வாசித்தார்கள், திருத்த வேண்டியிருந்தது.

கையில் தொட ஒரு பொருளும் இருந்தால் நல்லது. மோசேக்குப் பின் ஜனங்களை நடத்திய யோசுவா, யோர்தானைக் கடந்ததும் கில்காலில் 12 கற்களை நாட்டினதே, பிள்ளைகள் ஏதென்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்கும்படி மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு நேர்ந்ததையும் மறக்கக்கூடாது: பிற்பாடு ஜனங்கள் அதற்கே தூபங்காட்டினார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். எங்களிடம் முதல் ஜெபக்கூட்டத்தில் எரிந்த அரிக்கேன் விளக்கு இருக்கிறது. பீடத்தின் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். ஒரு நாள் அதன் முன்னால் ஒருவர் முழங்காலிட்டிருந்தார். மறுவாரமே அதை ஓய்வுநாள் பள்ளி அறைக்கு மாற்றிவிட்டோம். இப்போது பிள்ளைகள் திரியை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். ஒரு கண்ணாடி ஏற்கெனவே உடைந்தாயிற்று.