வ.உ.சி. அந்தமானில் செக்கிழுக்கவில்லை: தலைவர்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு ஒரு கூடுதல் வேலை வந்துவிடும். தெருப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டித் தாள்களைத் திருத்திக் கொடுப்பது. போன வருஷம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றாவது பத்தியிலேயே வ.உ.சி. அந்தமான் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா சொன்னா?"

"யூடியூப்ல இருக்கு அங்கிள்."

வ.உ.சி. அந்தமானுக்கு அனுப்பப்படவே இல்லை. அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர் சிறையில். பிறகு கண்ணூர் சிறைக்கு மாற்றினார்கள். ஆனாலும் இந்தத் தவறு ஒன்றும் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது தீவாந்திர தண்டனை, அதாவது கடல் கடந்து அனுப்பும் தண்டனை. ராஜதுரோகத்துக்கு ஒரு ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு ஆயுள். தீவாந்திரம் என்றதும் மனசு தானாக அந்தமானுக்குக் கப்பலேறிவிடுகிறது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். ஆயுளுக்கு 20 ஆண்டு என்று கூட்டி "40 ஆண்டுகள் சிறையில் வாடினார்" என்று எழுதுகிறவர்கள், விதித்ததையும் அனுபவித்ததையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அதே தாளில் இன்னொரு வரி: "தன் சொந்தப் பணத்தில் கப்பல் வாங்கி ஓட்டினார்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1906இல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். தலைவராக இருந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் 1907இல் தூத்துக்குடி வந்து சேர்ந்ததற்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள். பணக்காரர் ஒருவர் கப்பல் வாங்குவதில் என்ன அதிசயம்? ஊர் ஊராக அலைந்து, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகப் பங்கு வாங்க வைத்தாரே ஒரு வக்கீல், அதுதான் அதிசயம். "சொந்தப் பணம்" என்று சொன்னதும் அந்த அலைச்சல் காணாமல் போய்விடுகிறது.

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே அடியில் வெற்றி என்று கதையைச் சுருக்கும் இடத்தில்தான் நான் பார்த்த தவறுகளில் பாதி முளைக்கின்றன. வைக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "பெரியார் வைக்கம் சென்று போராடி, தாழ்த்தப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்" என்று ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். அங்கே நடந்தது கோயில் நுழைவுப் போராட்டமே அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் எல்லா மக்களும் நடக்கும் உரிமைக்கான போராட்டம். டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் போன்றவர்கள் முன்னின்று 1924 மார்ச் 30 அன்று தொடங்கினார்கள். தலைவர்கள் கைதானதும் ஏப்ரலில் பெரியார் போனார். இரண்டு முறை சிறை சென்றார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோதும் கிழக்குத் தெரு திறக்கவில்லை, மற்ற மூன்று பக்கம்தான். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. நடுவில் 11 வருஷம் இருக்கிறது. தெருவில் நடக்கவே இத்தனை பாடு பட வேண்டியிருந்தது என்று சொன்னால் அரங்கம் இன்னும் உன்னிப்பாகக் கேட்கும்.

முத்துலட்சுமி ரெட்டியும் இப்படித்தான். சட்டமன்றத்தில் அவர் பேசிய மறுநாளே தேவதாசி முறை ஒழிந்ததுபோல எழுதுகிறார்கள். அவர் மசோதா கொண்டுவந்தது 1920களின் கடைசியில். சென்னை மாகாணத்தில் சட்டம் நிறைவேறியது 1947இல்.

பாரதியார் கதையில் யானை இல்லாமல் முடியாது. யானை தள்ளியது உண்மை: 1921 ஜூன், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில். ஆனால் யானை கொல்லவில்லை. அதற்குப் பிறகு தேறி எழுந்து, ஜூலைக் கடைசியில் ஈரோடு போய், கருங்கல்பாளையத்தில் "மனிதனுக்கு மரணமில்லை" என்று சொற்பொழிவாற்றினார். செப்டம்பரில் உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. நினைவு நாள் 11ஆ 12ஆ என்று சண்டை போட வேண்டாம். 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய பிறகு போன உயிர், அதனால்தான் இரண்டு தேதியும் அச்சில் இருக்கிறது. வயது 39 என்று போட்டால் மட்டும் அடித்துவிடுங்கள். 1882 டிசம்பரில் பிறந்தவருக்கு அப்போது 38தான்.

தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியில் பிறந்தவர் அல்ல. அது பெற்றோர் வழி ஊர். பிறந்தது, போராடியது, 16 வயதில் இறந்தது எல்லாம் தென்னாப்பிரிக்காவில். இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கியவர் நேதாஜி அல்ல, 1942இல் மோகன் சிங். நேதாஜி 1943இல் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றார்.

பிப்ரவரி 14 காலையில் வாட்ஸ்அப்பைத் திறக்கவே பயமாக இருக்கும். "இன்று காதலர் தினம் கொண்டாடுகிறாயே, பகத் சிங்கைத் தூக்கிலிட்ட நாள் என்று தெரியுமா?" தூக்கிலிட்டது 1931 மார்ச் 23, லாகூரில். சரி, தண்டனை விதித்த நாள் என்று மாற்றிப் போடுவார்கள். அது 1930 அக்டோபர் 7. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. டெல்லி சட்டசபையில் குண்டு வீசியதற்காகத் தூக்கிலிடவில்லை. அந்த வழக்கில் அவருக்கும் படுகேஷ்வர் தத்துக்கும் கிடைத்தது ஆயுள் தண்டனை. தூக்கு, சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரியைச் சுட்ட வழக்கில்.

பொன்மொழிகளில் எனக்கு ஒரே விதிதான்: எப்போது, எங்கே சொன்னார் என்று தெரியாத மேற்கோள் மேடை ஏறக் கூடாது. "நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்பது காந்தி பேச்சிலும் எழுத்திலும் அந்த வார்த்தைகளில் கிடைக்கவில்லை. "வெள்ளையனே வெளியேறு" முழக்கத்தைக் காந்தி ஊருக்கெல்லாம் கொண்டுபோனார்; உருவாக்கிக் கொடுத்தவர் யூசுஃப் மெஹர் அலி. கட்டபொம்மன் பேசியதாக நாம் மனப்பாடம் செய்திருப்பதெல்லாம் சினிமா வசனம். மாறுவேடப் போட்டிக்கு அது போதும், வரலாற்றுப் பேச்சுக்கு ஆகாது.

அந்தப் பெண் அந்தமானை அடித்துவிட்டுக் கோயம்புத்தூர் என்று எழுதினாள். 25 ரூபாய்ப் பங்குக் கதையையும் சேர்த்துக்கொண்டாள். போட்டி முடிந்து சாயங்காலம் வந்தபோது கையில் ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது.

"முதல் பரிசு யாருக்கு?" என்று கேட்டேன்.

"பாரதியாரை யானை கொன்னுடுச்சுன்னு பேசின பையனுக்கு, அங்கிள்."