இலை நரம்பைப் பிளாஸ்டரில் எடுப்பது
புடைப்புச் சிற்பத்துக்கு முற்றிய, நரம்பு தடித்த இலைதான் சரி, தளிர் நசுங்கிவிடும். களிமண்ணை ஒரு பலகைமேல் 2 செ.மீ. தடிமனுக்குத் தட்டி, இலையின் அடிப்பக்கம் மண்ணில் படும்படி வைத்து, உருளையால் ஒரே தடவை அழுத்துங்கள். மறுபடி உருட்டினால் இலை நகர்ந்து கோடுகள் இரட்டையாகும். காம்பைப் பிடித்து மெல்ல உரித்தெடுங்கள். சுற்றிலும் 3 செ.மீ. உயரத்துக்கு மண்ணாலேயே வரப்பு கட்டுங்கள்.

700 மி.லி. தண்ணீரில் 1 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தூவுங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். 2 நிமிடம் ஊறியபின் நிதானமாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் குமிழி புகும்; அது சொல்லிவைத்தாற்போல நரம்பின்மேலேயே ஓட்டையாக வந்து நிற்கும். மூலையிலிருந்து ஊற்றி, பலகையை லேசாகத் தட்டிவிடுங்கள். இறுகும்போது சுடும்; சூடு முழுக்க ஆறிய பிறகே மண்ணை உரிக்கலாம். மீந்த கலவையைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும்.