டியூஷன் வாத்தியார்கள் சம்பள விஷயத்தில் செய்யும் தவறுகள்

போன வாரம் என்னிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு நீட் கோச்சிங் சென்டர் ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பேசிய சம்பளம் 20,000, கணக்கில் விழுவது 18,000. மீதி எங்கே என்று கேட்டேன். "அது டேக்ஸ் சார், அவங்களே பிடிச்சுக் கட்டிடறாங்க" என்றாள். எனக்குப் பகீர் என்றது. இதே வாக்கியத்தை நானும் வருடக்கணக்கில் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுத்தில் வாங்காமல் வேலைக்குச் சேராதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

'கன்சல்டன்ட்' என்று கையெழுத்துப் போடுவது

2013இல் திருச்சியில் ஒரு சென்டரில் சேர்ந்தேன். காலை ஆறரைக்கு வருகைப்பதிவு, லீவு வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும், வேறு எங்கும் வகுப்பு எடுக்கக் கூடாது. எல்லா வகையிலும் வேலைக்காரன்தான். ஆனால் ஒப்பந்தத்தில் 'கன்சல்டன்ட்', தருவது 'ப்ரொஃபஷனல் ஃபீஸ்'. பெயர் கௌரவமாக இருக்கிறதே என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

சம்பளக்காரருக்கு வருட வருமானம் வரி வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். ப்ரொஃபஷனல் ஃபீஸ் என்றால் அப்படி இல்லை. வருடத்தில் ஒரு சின்னத் தொகையைத் தாண்டியதுமே, நீங்கள் வரி கட்ட வேண்டியவரா இல்லையா என்று பார்க்காமல், 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துவிடுவார்கள். அது முன்கூட்டிப் பிடித்துவைக்கும் பணம். வரி வராது என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதை ஏழு வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சென்டர் மூடியது. வகுப்பு இல்லை, அதனால் ஃபீஸ் இல்லை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியோடு முடித்துவிட்டார்கள். கையில் பணமில்லாமல் ஒரு ஆடிட்டரிடம் போனபோதுதான் அவர் என் பான் எண்ணைப் போட்டு, என் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துக் காட்டினார். கடைசி வருடம் மாதம் 26,000 வாங்கினேன். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 31,200 ரூபாய் என் பெயரில் நின்றது. எனக்கு வரி பூஜ்யம். ரிட்டர்ன் போட்டதும் பணம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களின் 55,200 ரூபாய்க்குக் கடைசித் தேதி தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனியாக மனுப் போடலாம் என்றார். அப்போது இருந்த மனநிலையில் அலைய முடியாமல் விட்டேன். மகளின் ஒரு வருடப் பள்ளிக்கட்டணம் அது. இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) இதைவிடப் பெரிய இழப்பு. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். கணக்கு எளிது: 26,000ஐ மாத வேலை நாள் 26ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் 15,000, ஏழு வருடத்துக்கு 1,05,000. ஆசிரியர்களுக்கு இது கிடையாது என்று 2004இல் தீர்ப்பு வந்தது உண்மைதான். ஆனால் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். 2022இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. நான் கேட்டபோது சென்டரில் சொன்ன பதில்: "நீங்க எம்ப்ளாயி இல்லையே சார்."

தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்வதில்லை. யார் நேரம் குறிக்கிறார்கள், யார் லீவு தருகிறார்கள், வேறு இடத்தில் வேலை செய்ய விடுகிறார்களா என்பதையும் பார்ப்பார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும், என்னிடம் ஒன்றுமே இல்லை. பழைய போன் போனதோடு டைம்டேபிள் செய்திகளும் போய்விட்டன. அதனால் டைம்டேபிள், வருகைப்பதிவின் படம், லீவு மறுத்த செய்தி எல்லாவற்றையும் மெயிலில் சேர்த்து வையுங்கள். இன்னொன்று, பிடித்த வரியைக் காட்டும் அந்தப் படிவத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிடித்த பணம் அதில் ஏறவே இல்லை என்றால் அவர்கள் கட்டாமல் இருக்கலாம், அன்றைக்கே கேளுங்கள்.

அந்தப் பெண்ணை அங்கேயே உட்காரவைத்து வருமான வரித் தளத்தில் கணக்குத் திறக்கவைத்தேன்.

தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது என்று நம்புவது

ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுத்திவிட்டால் அந்த வழி திறக்காது என்று தெரிந்துகொண்டே ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழைக் கொடுப்பது

கூடாது. காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வகுப்பு நேரத்துக்கு மட்டும் விலை பேசுவது

மணிக்கு 350 என்றால் நன்றாகத்தான் தெரியும். மூன்று மணி நேர வகுப்புக்கு 1,050. அப்புறம் அறுபது விடைத்தாள் திருத்துவது, கேள்வித்தாள் தயாரிப்பது, ராத்திரி வாட்ஸ்அப்பில் சந்தேகம் தீர்ப்பது என்று இன்னொரு மூன்று மணி நேரம் போகும். அப்போது மணிக்கு 175தான். திருத்தும் தாளுக்குத் தனியாக விலை பேசுங்கள், தருகிற சென்டர்கள் இருக்கின்றன.

மே மாத விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்று கேட்காமல் சேருவது

வருடத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று முதல் நாளே கேளுங்கள்.

வீட்டு டியூஷனில் மாதக் கடைசியில் ஃபீஸ் வாங்குவது

முதல் வாரமே வாங்குங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் பிப்ரவரிக்குள் மார்ச் பணமும் வந்துவிட வேண்டும். பொதுத்தேர்வு முடிந்த பிறகு பாக்கி கேட்டுப் போய் இரண்டு வீட்டில் வாசலிலேயே நின்று திரும்பியிருக்கிறேன். இரண்டுமே நல்ல குடும்பங்கள், பிள்ளைகளும் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.