முன்னறிவிப்புக்கு மார்க் போடும் வேலைக்குத் தயாராவது எப்படி?

மழை வரும் என்று சொல்பவரை ஊருக்கே தெரியும். சொன்னது பலித்ததா என்று கணக்கு வைப்பவரை யாரும் கவனிப்பதில்லை. நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தரகால வானிலை மையம், இங்கிலாந்தின் ரெடிங்கில் உள்ள ஐரோப்பிய மையம் போன்ற இடங்களில் இது தனித் துறை. வானிலையியலிலோ இயற்பியலிலோ முதுகலை, அதோடு உறுதியான புள்ளியியல், பைத்தான்: இவை நுழைவுக்குப் போதும். ஆய்வுக்குழுவை நடத்தும் நிலைக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள். ஆனால் ஆளை எடைபோடுவது பட்டத்தை வைத்து அல்ல, கீழே வரும் குழிகளில் விழாமல் கணக்குப் போடத் தெரியுமா என்பதை வைத்துத்தான்.

முதலில் நான்கு கட்டம் போடுங்கள்: சொன்னோம், நடந்தது; சொன்னோம், நடக்கவில்லை; சொல்லவில்லை, நடந்தது; சொல்லவுமில்லை, நடக்கவுமில்லை. 1884-இல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் டொர்னேடோ (சூறைச் சுழல்காற்று) முன்னறிவிப்பு செய்து 96.6% சரி என்றார். மொத்தம் 2803 கணிப்புகள். நான்கு கட்டங்களில் முறையே 28, 72, 23, 2680. 'டொர்னேடோ வராது' என்று தினமும் சொல்லியிருந்தாலே 98.2% கிடைத்திருக்கும் என்று கில்பர்ட் காட்டினார். அதே எண்களில் கண்டுபிடிப்பு விகிதம் (நடந்தவற்றில் முன்பே சொன்னவை) 28/51, அதாவது 0.55. பொய் எச்சரிக்கை (சொன்னவற்றில் நடக்காதவை) 72/100, அதாவது 0.72. தற்செயலாகச் சரியாகும் பங்கைக் கழிக்கும் ஹைட்கே மதிப்பெண் 0.36. இதைக் கையாலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். எதனோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாத மதிப்பெண்ணை அதன் பிறகு நம்ப மாட்டீர்கள்.

அடுத்தது தரவு. தப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கும். இந்திய வானிலைத் துறையின் தினசரி மழை, காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, எழுதப்படுவது முடிகிற நாளின் தேதியில். உலக நேரத்தில் (UTC) அது 03 மணி. மாதிரியை, அதாவது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலை, உலக நேரம் 00 மணியிலிருந்து ஓட்டி, அதன் முதல் 24 மணி நேர மழையை அப்படியே எடுத்தால் மூன்று மணி நேரம் பிசகும். 27-ஆம் மணி வரை சேர்ந்த மொத்த மழையிலிருந்து 3-ஆம் மணி வரையானதைக் கழிப்பதே சரி. ஐரோப்பிய மாதிரி மழையை மீட்டரில் தரும். ஆயிரத்தால் பெருக்க மறந்தால் தமிழ்நாடு பாலைவனமாகிவிடும். காலியான பதிவையும் பூஜ்ய மழையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் கட்டத் தரவில் -999 என்று இருப்பது 'இல்லை' என்ற குறி. 0.25 டிகிரிக் கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் அகலம். அதன் சராசரியை ஒற்றை மழைமானியோடு ஒப்பிட்டால், கனமழையை மாதிரி எப்போதும் குறைத்துச் சொல்வதுபோல் தெரியும். தவறு மாதிரியில் இல்லை, ஒப்பிட்ட விதத்தில்.

வரம்புகளைக் கணக்குக்கு முன்பே எழுதி வையுங்கள். கனமழை 64.5 மி.மீ. முதல், மிகக் கனமழை 115.6 முதல், அதி கனமழை 204.5 முதல். விடையைப் பார்த்துவிட்டு வரம்பை நகர்த்தினால் எந்த மாதிரியையும் ஜெயிக்க வைக்கலாம்.

வெள்ளம் வந்த நாட்களை மட்டும் எடுத்து மதிப்பிடும் பழக்கம்தான் மிகவும் ஆபத்தானது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாட்களை மட்டுமே பொறுக்கினால், தினமும் பேய்மழை என்று கத்துபவரே முதல் மார்க் வாங்குவார். எல்லா நாட்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நிகழ்தகவாகச் சொன்ன கணிப்புக்கு 1950-இல் வந்த பிரையர் மதிப்பெண் பொருந்தும்: சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (1 அல்லது 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கச் சராசரி. குறைந்தால் நல்லது. கூடவே, 70% என்று சொன்ன நாட்களில் ஏறக்குறைய 70% நாட்கள் மழை பெய்ததா என்றும் பாருங்கள்.

சிறு சிறு கட்டங்களில் கணிக்கும் நுண்கட்ட மாதிரிகளுக்கு இன்னொரு சிக்கல். மரக்காணத்தில் காட்டிய மழைமேகம் புதுச்சேரியில் கொட்டினால், அங்கே பொய் எச்சரிக்கை, இங்கே தவறவிட்டது என்று இரண்டு அடி விழும். மழையே காட்டாத சோம்பேறி மாதிரிக்கு ஒரே அடிதான். சுற்றுவட்டத்தில் எத்தனை பங்கு இடத்தில் மழை என்று ஒப்பிடும் பின்ன மதிப்பெண் இதற்காகவே வந்தது.

பருவக் கணிப்பில் கையிருப்பு மிகக் குறைவு. 1993–2016 பின்னோக்கு ஓட்டங்கள் (கடந்த ஆண்டுகளுக்கு மாதிரியை ஓட்டிப் பார்த்த கணிப்புகள்) என்றால் ஆண்டுக்கு ஒன்றாக 24 புள்ளிகள்தான், ஒட்டுறவு (கணிப்பும் நடந்ததும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்கின என்ற அளவு) 0.4-ஐத் தொடாவிட்டால் 5% மட்டத்தில் அது தற்செயலாகவே இருக்கலாம். வெப்பநிலையில் புவி சூடேறும் போக்கே பாதி மார்க்கை வாங்கிக் கொடுக்கும். போக்கை நீக்கிவிட்டும் ஒரு முறை கணக்கிடுங்கள்.

தலைமைப் பொறுப்பில் கணக்கு குறையும், பஞ்சாயத்து கூடும். புதிய மாதிரிப் பதிப்பு பழையதைவிட மேல் என்று மாதிரிக் குழு சொல்லும். இரண்டையும் ஒரே நாட்களில், ஒரே அளவீடுகளோடு ஓட்டிய வித்தியாசத்தைக் கேளுங்கள். அடுத்தடுத்த நாட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, எனவே நாட்களைத் தனித்தனியாக அல்லாமல் தொகுதிகளாக மறுமாதிரி எடுத்து (திரும்பத் திரும்பக் குலுக்கல் முறையில் எடுத்து) நம்பிக்கை இடைவெளி (வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு) போடச் சொல்லுங்கள். இடைவெளி பூஜ்யத்தைத் தொட்டால் 'முன்னேற்றம்' என்ற சொல் அறிக்கையில் வரக்கூடாது. பணியறையில் இருக்கும் முன்னறிவிப்பாளருக்கு இருபது அட்டவணை வேண்டாம்: எந்த மாதத்தில், எந்தக் கடலோரத்தில், எத்தனை நாள் முன்பு வரை இந்த மாதிரியை நம்பலாம் என்று ஒரே பக்கத்தில் கொடுங்கள்.