இந்தியக் கால்பந்து லீக் 2014-இல் பிறந்ததல்ல: எழுதும்போதும் பேசும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விளையாட்டு வினாடி வினாவில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். "இந்தியாவின் முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற அணி எது?" என்று கேட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு மாணவர் தயங்கித் தயங்கி "ஜே.சி.டி." என்றார். தவறு என்று மணி அடித்தது. நடுவரின் கையிலிருந்த அட்டையில், 2014-இல் முதல் இந்தியன் சூப்பர் லீக்கை (ஐ.எஸ்.எல்.) வென்ற "அட்லெட்டிகோ டி கொல்கத்தா" என்று இருந்தது. மாணவர் சொன்னதுதான் சரி. அட்டைதான் 18 ஆண்டுகள் பிந்தியிருந்தது.

அட்டை எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவின் முதல்நிலை லீக் மூன்று பெயர்களில் வாழ்ந்திருக்கிறது: 1996-97 முதல் தேசிய கால்பந்து லீக், 2007-08 முதல் ஐ-லீக், இப்போது ஐ.எஸ்.எல். பெயர் மாறிய இடத்தில் கதையையே புதிதாகத் தொடங்கிவிடுகிறோம். நான் பார்க்கும் பிழைகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை.

தொடக்கத்தைத் தவறாக வைப்பது

முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி., பஞ்சாபின் பக்வாராவில் இருந்த துணி ஆலையின் அணி. ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் அன்று அதில்தான் ஆடினார்கள். அந்தக் காலத்து அணிப் பட்டியலைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆலை, வங்கி, டிராக்டர் கம்பெனி, விமான நிறுவனம், எல்லைப் பாதுகாப்புப் படை என்று வேலை கொடுப்பவர்களின் வரிசை போலவே இருக்கும். நம் சென்னையின் இந்தியன் வங்கியும் அதில் ஆடியிருக்கிறது. பல வீரர்களுக்கு மாதச் சம்பளம் அலுவலகத்திலிருந்து வந்தது. அதனால் 1996 முதலே இந்தியாவில் முழுத் தொழில்முறை லீக் இருந்தது என்று எழுதுவதும் தவறுதான். தேசிய லீக் இருந்தது. தொழில்முறை என்ற சொல்லுக்கு அது மெல்ல மெல்லத்தான் தகுதி பெற்றது. 2007-இல் ஐ-லீக் என்று பெயர் மாற்றியதன் நோக்கங்களில் அதுவும் ஒன்று.

எதிர்ப்பக்கம் வழுக்குகிறவர்களும் உண்டு. 1911-இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படை அணியை வென்றதை "இந்திய சாம்பியன் பட்டம்" என்று எழுதுகிறார்கள். அவர்கள் வென்றது ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, கல்கத்தாவில் நடந்த, தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் போட்டி. 1888-இல் தொடங்கிய டுராண்டு கோப்பையும் நாக்-அவுட் வழிவந்ததே. 1941-இல் தொடங்கிய சந்தோஷ் டிராபி மாநில அணிகளுக்கானது. 1898-இல் தொடங்கிய கல்கத்தா லீக் உண்மையான லீக், ஆனால் ஒரு நகரத்துக்குரியது. இந்தியா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற 1951-லும் 1962-லும், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்த 1956-லும் நாட்டில் தேசிய லீக் என்ற ஒன்றே கிடையாது. பொற்காலத்தை லீக்கின் கணக்கில் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

"கொல்கத்தாதான் எப்போதும்"

லீக் பட்டம் எப்போதும் கொல்கத்தாவுக்கே என்று எழுதுகிறார்கள். தேசிய லீக்கின் 11 சீசன்களில் கொல்கத்தாவின் மோகன் பகான் வென்றது மூன்று, ஈஸ்ட் பெங்கால் மூன்று. பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஐ-லீக் வந்தபின் முதல் ஆறு சீசன்களும் கோவாவுக்கே போயின: டெம்போ மூன்று, சர்ச்சில் பிரதர்ஸ் இரண்டு, சால்கோகர் ஒன்று. மக்கள்தொகையில் நம் பெரிய மாவட்டம் ஒன்றுக்குக்கூட ஈடாகாத மாநிலம் அது. 2004-க்குப் பின் கொல்கத்தாவுக்கு மீண்டும் லீக் பட்டம் வர 2015 மே 31 வரை ஆனது. அன்று பெங்களூரு கன்டீரவா மைதானத்தில் மோகன் பகானுக்கு டிரா போதும், பெங்களூரு எஃப்.சி.க்கு வெற்றி வேண்டும். பெங்களூரு முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது நைஜீரியத் தடுப்பாட்டக்காரர் பெல்லோ ரசாக் தலையால் முட்டிச் சமன் செய்தார். ஈஸ்ட் பெங்காலோ ஐ-லீக்கை ஒருமுறைகூட வென்றதில்லை. "மூன்று முறை ஐ-லீக் சாம்பியன் ஈஸ்ட் பெங்கால்" என்று படித்தால், அந்த மூன்றும் பழைய தேசிய லீக் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

பெங்களூரு எஃப்.சி.க்கு நடக்கும் அநியாயம் இன்னொரு வகை. 2018-19 ஐ.எஸ்.எல். கோப்பையை மட்டும் குறிப்பிட்டு விட்டுவிடுகிறார்கள். 2013-இல் தொடங்கி, ஆடிய முதல் சீசனிலேயே ஐ-லீக்கை வென்று, 2015-16-இல் மறுபடியும் வென்ற கிளப் அது.

இரண்டு லீக்குகள் ஓடிய காலம்

மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு ஐ.எஸ்.எல். தொடங்கியபோது அது சில வாரங்கள் மட்டுமே நடக்கும், அணி உரிமையை விலைக்கு வாங்கி நடத்தும் ஃபிரான்சைஸ் போட்டி. இந்திய வீரர்களில் பலர் ஐ-லீக் கிளப்புகளிலிருந்து இரவல் வந்தவர்கள். போட்டி முடிந்ததும் சொந்த கிளப்புக்குத் திரும்பினார்கள். ஒளி, கூட்டம், இத்தாலிய நட்சத்திரம் டெல் பியரோ, பணம் எல்லாம் இங்கே இருந்தன. முதல்நிலை லீக் என்ற அங்கீகாரம் ஐ-லீக்கிடம் இருந்தது. 2017-18 முதல் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. 2019 அக்டோபரில் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட திட்டப்படி முதலிடம் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. ஐ-லீக் சாம்பியன் அங்கே ஏறிச் செல்லும் வழி 2022-23 சீசனில்தான் திறந்தது.

எனவே 2017 முதல் 2022 வரை நடந்தவற்றை "முதல் டிவிஷன்", "இரண்டாம் டிவிஷன்" என்று பட்டென்று பிரித்து எழுதினால் உதைக்கும். கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-21, 2021-22 இரண்டு ஆண்டுகளும் ஐ-லீக் சாம்பியன். அந்தப் பெயரில் லீக் நடந்த காலத்தில் பட்டத்தைத் தக்கவைத்த முதல் கிளப். மேலே ஏறும் வழி இன்னும் திறக்கவில்லை என்பதால் இரண்டு முறையும் கோப்பையோடு அதே லீக்கிலேயே நின்றது. 2022 மே 18 அன்று ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையில், கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்திலேயே, ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே. மோகன் பகானை (ஏ.டி.கே. என்பது பழைய அட்லெட்டிகோ டி கொல்கத்தா) 4-2 என்று வென்றது. அடுத்த ஆண்டு ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஐ-லீக்கை வென்றது. அது மேலே போனது. வெறும் ஓர் ஆண்டு வித்தியாசம்.

சாம்பியன் யார், கோப்பை யாருடையது

2024-25 வரை ஐ.எஸ்.எல்.லில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றவருக்கு ஷீல்டு. அதன்பின் முன்னணி அணிகள் மோதிய பிளே-ஆஃபில் வென்றவருக்குக் கோப்பை. ஷீல்டு 2019-20-இல்தான் வந்தது. அந்த முதல் ஷீல்டு எஃப்.சி. கோவாவுக்கு, அதே சீசனின் கோப்பை, ரசிகர்கள் இல்லாத மைதானத்தில் சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்ற ஏ.டி.கே.வுக்கு. ஆனால் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்றுக்குப் போனது ஷீல்டு வென்ற கோவா. அந்தச் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் அதுவே. "2019-20 சாம்பியன்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்? ஷீல்டு, கோப்பை என்று பெயரிட்டே எழுதுங்கள். மொத்தம் இரண்டு சொற்கள்தான் கூடும்.

நம்மூர்க் கணக்கு இங்கே கொஞ்சம் உறுத்தும். சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. இரண்டு இறுதிப் போட்டிகளும் மூச்சை நிறுத்துபவை. 2015-இல் கோவாவின் சொந்த மண்ணில், 87-ஆவது நிமிடத்தில் பின்தங்கிய பிறகு ஆட்டம் முடிவதற்குள் இரண்டு கோல் விழுந்து 3-2. ஆனால் புள்ளிப் பட்டியலில் முதல் ஆண்டு மூன்றாமிடம், அடுத்த முறை பெங்களூருக்கு எட்டுப் புள்ளி பின்னால் இரண்டாமிடம். ஷீல்டு இன்றுவரை சென்னைக்கு வந்ததில்லை. ரசிகனாக எனக்கும் வலிக்கிறது. அதற்காக "இரண்டு முறை லீக் பட்டம்" என்று எழுத முடியாது.

லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வேறு வழியில் வந்தது. அதைப் பலர் மறந்தேவிட்டார்கள். சென்னை சிட்டி எஃப்.சி.யையும் சென்னையின் எஃப்.சி.யையும் ஒன்றாக்கிக் குழப்புவது அடுத்த தவறு. சென்னை சிட்டி, ஐ-லீக் கிளப்; தன் சொந்த ஆட்டங்களை ஆடியது கோவை நேரு மைதானத்தில். 2019 மார்ச் 9, கடைசி நாள். வென்றால் பட்டம், தவறினால் ஈஸ்ட் பெங்கால் காத்திருக்கிறது. எதிரே முந்தைய ஆண்டு சாம்பியனான மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை அதே நிலை. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலமும் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அது அந்த சீசனில் அவருடைய 21-ஆவது கோல். பிறகு கோல் அடித்தது யார் என்று கேட்டால் பலரும் இன்னொரு வெளிநாட்டு முன்கள வீரரின் பெயரைச் சொல்வார்கள். அடித்தவர் கௌரவ் போரா, ஒரு தடுப்பாட்டக்காரர். ஒன்றல்ல, இரண்டு. 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, கோழிக்கோட்டில் வென்றும் ஈஸ்ட் பெங்கால் 42.

கிளப்பின் பெயர், கிளப்பின் வரலாறு

2020-இல் ஏ.டி.கே.யும் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவும் இணைந்தன. ஏ.டி.கே. மோகன் பகான் என்று பெயர் வந்தது. ரசிகர்கள் விடாமல் முழங்கிய எதிர்ப்புக்குப் பின் 2023-இல் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் ஆனது. இதைப் பிடித்துக்கொண்டு, ஏ.டி.கே. தனியாக வென்ற 2014, 2016, 2019-20 கோப்பைகளை மோகன் பகானின் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதே 2019-20-இல் மோகன் பகான் தனியாக ஐ-லீக்கை வென்றது. இரண்டையும் கூட்டினால் ஒரே கிளப் ஒரே சீசனில் இரண்டு லீக்குகளில் ஆடிய அதிசயம் நிகழ்ந்துவிடும்.

ஏறுவதும் இறங்குவதும்

ஐரோப்பிய லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்கள் கடைசி இடம் என்றால் கீழே போய்விட்டது என்று தாமாகவே எழுதிவிடுகிறார்கள். இங்கே அறிவிப்பைப் பார்க்காமல் எழுதாதீர்கள். 2015-16-இல் ஒன்பது அணிகளில் மிசோரமின் அய்ஸால் எஃப்.சி. எட்டாவது. ஒன்பதாவதாக வந்த டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் நேரடி நுழைவு பெற்ற அணி என்பதால் அதற்கு இறக்கத்திலிருந்து விலக்கு, அய்ஸால் இறக்கப்பட்டது. பிறகு லீக்கின் எதிர்காலம் பற்றிய சண்டையில் கோவாவின் கிளப்புகள் விலகிக்கொள்ள, காலியான இடத்தில் அய்ஸால் திரும்ப அழைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பயிற்சியாளர் காலித் ஜமீல் தலைமையில், ஷில்லாங்கில் கடைசி ஆட்டத்தை 1-1 என்று டிரா செய்து, மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தி இந்திய சாம்பியன் ஆனது. இறக்கப்பட்ட அணி என்று முந்தின ஆண்டு எழுதியவர்கள் அடுத்த ஆண்டு தலைப்பை மாற்ற வேண்டியிருந்தது. ஐ.எஸ்.எல்.லிலோ 2024-25 சீசன் முடியும்வரை எந்த அணியும் தோற்றதற்காகக் கீழே இறக்கப்படவில்லை.

சின்னச் சின்னவை இரண்டு. முதல் மூன்று ஐ.எஸ்.எல். சீசன்களும் ஒரே காலண்டர் ஆண்டுக்குள் முடிந்தவை. 2017-18 முதல் 2024-25 வரையிலானவை இரண்டு ஆண்டுகளைத் தொட்டவை. "2017 சாம்பியன் சென்னையின்" என்று எழுதினால், அவர்கள் கோப்பை தூக்கியது 2018 மார்ச்சில் என்பது மறைந்துவிடும். அடுத்து, ஜே.சி.டி., மகிந்திரா யுனைடெட் போன்றவற்றை இன்றும் இருப்பவை போல நிகழ்காலத்தில் எழுதாதீர்கள். ஒன்று 2011-இலும் மற்றொன்று 2010-இலும் மூடப்பட்டுவிட்டன.

கடைசியாக, பழைய செய்தியை அப்படியே நகலெடுப்பது. 2024-25 ஐ-லீக்கின் புள்ளிக் கணக்கு ஆடுகளத்தில் முடியவில்லை. மேல்முறையீடுகளில் போய் நின்றது. ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்று அறிவித்து, கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள். ஜூலை 18 அன்று சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் இன்டர் காசியே சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. ஏப்ரல் செய்திகளில் சர்ச்சில் கோப்பையோடு நிற்கும் படங்கள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. அடுத்த வினாடி வினா அட்டை அவற்றைப் பார்த்துத்தான் எழுதப்படும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.