சமரச மையத்துக்கு நிதி ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் அளவில் சமரச மையம் நடத்த முன்வரும் அமைப்புகள் பெரும்பாலும் பட்ஜெட் போடும்போதே சறுக்கிவிடுகின்றன.

எல்லாவற்றிலும் மோசமானது, "இத்தனை தகராறு தீர்த்தால் இவ்வளவு" என்று நிதி தருபவரிடம் ஒப்புக்கொள்வது. அந்த எண்ணிக்கை கடைசியில், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைக்கும் சமரசரின் தலையில்தான் விடியும். நிதியாண்டு முடியும் மார்ச் நெருங்க நெருங்க, இரு தரப்பில் யார் இளைத்தவரோ அவரிடம், "நீங்களே கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்" என்று பேச்சு திரும்பும். அது கட்டப்பஞ்சாயத்து. அமர்வுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தீர்ந்தாலும் முறிந்தாலும் அதே தொகை. அறிக்கையில் முறிந்தவற்றையும், மையமே ஏற்க மறுத்தவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணை அடிப்பவருக்கு எதிரே உட்காரவைக்க மறுத்தது நல்ல வேலைக்குச் சான்று. அப்படி அடி விழுகிறதா என்று கண்டுபிடிக்க முதல் அமர்வுக்கு முன்பே இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு.

தன்னார்வலர்தானே, செலவில்லை என்பது அடுத்த தப்புக்கணக்கு. இலங்கையின் மத்தியஸ்த சபைகளில் அமர்பவர்கள் தன்னார்வலர்களே. ஆனால் அவர்களுக்குப் பின்னால் 1988ஆம் ஆண்டுச் சட்டமும், ஓர் ஆணைக்குழுவும், பயிற்சியும் இருக்கின்றன. இந்திய நீதிமன்றச் சமரசர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. இரண்டு நாள் பட்டறையோடு ஆளை அமர்வுக்கு அனுப்பாதீர்கள்.

ஒரே ஓர் அறையை வாடகைக்கு எடுப்பதும் வேண்டாம். சமரசர் ஒருவரிடம் தனியே பேசும்போது மற்றவர் உட்கார, பேச்சு காதில் விழாத இன்னோர் அறை வேண்டும்.

ஒப்பந்தம் எழுதுவதில்தான் பல மையங்கள் கோட்டை விடுகின்றன. வயலுக்குப் போகும் பாதைத் தகராறில், "பாதையை இருவரும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அடுத்த அறுவடைக்கே சண்டை திரும்பும். எந்தச் சர்வே எண், எந்த உட்பிரிவு, கிணற்றடியிலிருந்து ரோடு வரை எத்தனை அடி அகலம், டிராக்டர் போகலாமா, முள்வேலியை யார் எந்தத் தேதிக்குள் எடுப்பது, கூலி யாருடையது என அத்தனையும் தாளில் வர வேண்டும். நிலத்தில் உரிமை கைமாறினால் பத்திரப்பதிவு தேவையா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டே கையெழுத்து வாங்குங்கள்.

"இது கோர்ட் தீர்ப்பு மாதிரி" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டமே, இப்படி ஊர் அளவில் நடக்கும் சமூக சமரசத்தில் எழுதப்படும் ஒப்பந்தத்தை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல நிறைவேற்ற முடியாது என்கிறது. அந்த வலு வேண்டுமென்றால், இரு தரப்பும் சம்மதித்தால், வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) உத்தரவாகப் பெறலாம். அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால், கையெழுத்துக்கு முன் இதை இருவருக்கும் விளக்கியாக வேண்டும்.

பணம் குறைந்ததும் முதலில் வெட்டப்படுவது பின்தொடர்தல். அதை வெட்டாதீர்கள். வாரத்தில் ஒருநாள் வேலை செய்யும் ஓர் ஆளும் ஒரு போனும் போதும். கையெழுத்தான 30ஆம் நாளும் 90ஆம் நாளும் இரு வீட்டுக்கும் கூப்பிட்டு, வேலியை எடுத்தாயிற்றா, டிராக்டர் போகிறதா என்று கேட்டு, பதிலைத் தேதியோடு கோப்பில் எழுதட்டும்.