படுக்கையறையில் ஓதம்: வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சுவரில் கரும்புள்ளி தெரிந்ததும் பலர் உடனே பெயின்ட் அடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இருக்கிற தவறுகளிலேயே அதிகம் செலவு வைப்பது இதுதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே எதைப் பூசினாலும், சில மாதங்களில் பெயின்ட் கொப்பளித்து உரியும், பூஞ்சையும் திரும்ப வரும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று விற்கும் பூச்சை அறையின் உள்பக்கம் அடித்தாலும் இதே கதிதான்.

ஈரம் சுவர் வழியாக வரலாம்: மழை இறங்கும் விரிசல், கசியும் குழாய், தரையிலிருந்து ஏறும் ஓதம். அல்லது அறைக் காற்றில் இருக்கும் நீராவியே குளிர்ந்த பரப்பில் நீராகப் படியலாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், அதன் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூக்கும். காற்றிலிருந்து படியும் ஈரம் ஜன்னல் கண்ணாடி, கூரை மூலை, பீரோவின் பின்பக்கம் என்று குளிர்ச்சியான, காற்றுப் புகாத இடமாகப் பார்த்துப் பிடிக்கும். அங்கே உப்பு இருக்காது, கருப்பாகப் பூஞ்சைதான் இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். சுவரின் மேற்பரப்பைத் துடைத்துக் காயவிட்டு, 30 செ.மீ. சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் தண்ணீர். முதலாவதற்குக் காற்றோட்டம், இரண்டாவதற்குக் கொத்தனாரும் பிளம்பரும். இதை மாற்றிச் செய்து பணத்தைக் கரைப்பவர்கள்தான் அதிகம்.

இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால், மூச்சிலும் வியர்வையிலும் மட்டும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் சேரும். துவைத்த துணியையும் அதே அறையில் காயப்போட்டால் இன்னும் ஒன்றிரண்டு லிட்டர். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தால் இவ்வளவும் எங்கே போகும்? 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். காலையில் கண்ணாடியைத் துடைப்பது நல்லதுதான். ஆனால் அந்தத் துணியை அறையிலேயே உலர்த்தினால் துடைத்ததெல்லாம் திரும்பக் காற்றுக்கே போகும்.

புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் இந்த அறைக்கு ஆகாது. எரியும்போதே நீராவியைக் கக்கும், கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு.

ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைப்பதும் சரியல்ல. குளிர்காலத்தில் சுவர் குளிர்ந்து இன்னும் அதிகம் வியர்க்கும். எதிரெதிர் ஜன்னல்களை 10–15 நிமிடம் அகலத் திறந்து மூடுவது மேல். புழுக்கமான மழை நாளில் வெளிக்காற்றுதான் ஈரமாக இருக்கும், அப்போது மூடியே வையுங்கள். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி வைத்தால் ஊகிக்க வேண்டாம்: 40–60 சதவீதம் போதுமானது.

பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். 5–10 செ.மீ. இடைவெளி விடுங்கள், முடிந்தால் உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். மெத்தையை நேரடியாகத் தரையில் போட்டால் உடம்பின் வியர்வை அடிப்பக்கம் தேங்கும். மாதக்கணக்கில் புரட்டாத மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கருப்புத் திட்டுத் திட்டாக இருக்கும்.

பூஞ்சையைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறையும் என்95 மாஸ்க்கும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். பிளீச்சை வினிகரோடோ அம்மோனியா கலந்த கிளீனரோடோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது.

காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபயர் கருவியை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் ஊர்க்காற்றையெல்லாம் உலர்த்திக்கொண்டிருக்கும். குளிர்ந்த அறையில், காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கும் கம்ப்ரஸர் வகை திணறும், அங்கே ஈரம் உறிஞ்சும் பொருளைக் கொண்டு உலர்த்தும் டெசிகன்ட் வகை பொருந்தும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா அலமாரிக்குள் வைக்கத்தான், முழு அறைக்குப் போதாது.